பாடம் பத்தலை

என் காதில் முதல் துளை விழுந்தது சேலத்தில் ஒரு நகைக்கடையில். அப்போது நான் கல்லூரியில் சேர்ந்திருந்தேன். கடைப் பெண் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியைக் காதுமடலில் வைத்து அழுத்தினாள். டிக் என்றது, அவ்வளவுதான். பஞ்சில் மருந்தைத் தொட்டுக்கொண்டே, இத்தனை வயது வரைக்கும் ஏன் குத்தாமல் விட்டீர்கள் என்று அம்மாவைக் கேட்டாள். "எல்லாம் ஒரு மொடாப் போயலையாலதானுங்க" என்றாள் அம்மா. அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அம்மாவும் கூடச் சிரித்து வைத்தாள்.

அம்மா சொன்னது உண்மைதான். அந்த மொடா எங்கள் வீட்டு இருட்டறையில் தவிட்டு மூட்டைக்குப் பக்கத்தில் உமி பரப்பி அதன்மேல் உட்கார்ந்திருந்தது. பெரிய மண்பானையைத்தான் மொடா என்போம், புகையிலையைப் போயலை என்போம். நான் நடக்கத் தொடங்கிய காலத்திலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை விடவும் அதற்கு வீட்டில் கவனிப்பு அதிகம்.

எங்கள் தோட்டம் சேந்தமங்கலத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது. அப்பா சோளம், கடலை, மரவள்ளி எல்லாம் போடுவார். ஆனால் சுற்று வட்டாரத்தில் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது, உப்புத் தண்ணிக் கிணற்று மேட்டில் சொந்த உபயோகத்துக்கென்று அவர் வைத்த கொஞ்சம் புகையிலை. மற்ற வெள்ளாமையில் அவருக்கு ஒன்றும் பெரிய சாமர்த்தியம் கிடையாது. கடலையில் பூச்சி விழுந்தால் மூன்றாம் பேர் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். புகையிலை என்று வந்துவிட்டால் மட்டும் ஆள் வேறு.

ஒடித்த இலையைப் பந்தலில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுவார். காய்ந்த இலை பனியில் துவண்டு கிடக்கும் விடியற்காலையில் இறக்கி, அடுக்கடுக்காகப் பட்டறை போடுவார். பட்டறைக்குள் சூடேறும். கையை நடுவில் விட்டுப் பார்த்து, மேலடுக்கைக் கீழும் கீழடுக்கை மேலுமாக மாற்றிக்கொண்டே இருப்பார். பச்சை வாடை போன பிறகு கருப்பட்டித் தண்ணீர் தெளித்து, நிழலில் ஆற்றி, மொடாவுக்குள் வாழைச் சருகும் இலையுமாக மாற்றி மாற்றி அடுக்குவார். கடைசியில் வாயைப் பனையோலை வைத்துத் துணியால் கட்டி, செம்மண்ணும் சாணியும் குழைத்துப் பூசிவிடுவார். இனிமேல்தான் வேலையே ஆரம்பம், அந்த வேலையை இலை பார்த்துக்கொள்ளும் என்பார்.

உள்ளே காரம் அடங்கி, இலை கறுத்து, பக்குவத்துக்கு வருவதைத்தான் பாடமாவது என்பார்கள். பாடமான போயலை, பாடமாகாத போயலை, பாடம் பத்தாத போயலை என்று எங்கள் வீட்டில் நாள் முழுக்க இதே பேச்சு. நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த புதிதில், டீச்சர் இன்றைக்குப் பாடம் ஆரம்பிக்கலாமா என்று கேட்டதும் வகுப்பின் மூலையில் மொடா எங்கே என்று தேடினேனாம். அம்மா வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் இதைச் சொல்லிச் சிரிப்பாள்.

இருட்டறை மொடாவின் கதை மாமாவின் கல்யாணத்தில் தொடங்கியது. மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. எருமப்பட்டிப் பக்கம் வீடு. ரிக் வண்டியில் வேலை. போர் போடுகிற வண்டியோடு வடக்கே எங்கெங்கோ போய் மாதக்கணக்கில் இருந்துவிட்டு வருவார். அவருக்குக் கல்யாணம் நடந்தபோது நான் இடுப்புக் குழந்தை. அன்றைக்கு நடந்ததை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பெண் வீட்டார் கொண்டு வந்த வெற்றிலைத் தட்டில் அவர்கள் தோட்டத்துப் புகையிலையும் இருந்தது. மாப்பிள்ளையின் அக்கா புருஷன் என்ற மரியாதையில் பெண்ணின் தகப்பனார் தட்டை முதலில் அப்பாவிடம்தான் நீட்டினார். அப்பா ஒரு துண்டு கிள்ளி வாயில் போட்டார். மென்றார். எழுந்து பந்தலுக்கு வெளியே போய்த் துப்பினார். திரும்பி வந்து, மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த மாமாவைப் பார்த்து, "பாடம் போடத் தெரியாத ஊட்டுல போயி பொண்ணெடுத்திருக்கறீங்களே மாப்ளே" என்றார். அப்பா அதை ஒரு கேலியாகத்தான் சொன்னார். பந்தலில் நாலு பேர் சிரித்தும்விட்டார்கள். அவர்கள் சிரிக்காமல் இருந்திருந்தால் பேச்சு அங்கேயே அமுங்கிப் போயிருக்கும் என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறாள். பெண்ணின் தகப்பனார் தட்டை ஏந்திய கையோடு நின்றாராம். மணப்பெண் தலையைக் குனிந்துகொண்டாளாம். அவள்தான் என் அத்தை.

 அதற்குப் பிறகு மாமா எங்கள் தோட்டத்துப் பக்கம் வரவேயில்லை.

அப்பாவுக்குத் தப்பு செய்துவிட்டோம் என்று தெரியும். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள்ளேயே தெரிந்துவிட்டது. ஆனால் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் எங்கள் வீட்டு ஆண்களிடம் கிடையாது. அவருக்குப் புகையிலை போடத் தெரியும். அந்த வருடம் விளைந்ததில் செடியின் நடு இலைகளாகப் பொறுக்கி எடுத்து, ஒரு புது மொடாவில் தனியாக அடுக்கி மூடினார். யாருக்கென்று சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. நான் அதன்மேல் ஏறி உட்காரப் போனால், "அது உம்பட மாமனோட மொடா, எறங்கு" என்று அம்மா அதட்டுவாள்.

புகையிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். கோழித் தீவனத்தில் கருவாட்டுத் தூள் இருக்கிறதென்று அந்த மூட்டைகளை அப்பா அறையிலிருந்தே வெளியேற்றினார். மண்ணெண்ணெய் டின் வாசலுக்குப் போயிற்று. ஐப்பசி மழையில் சுவர் ஈரம் கண்டால் மொடாவைத் தானே தூக்கி இடம் மாற்றுவார். ஈரம் ஏறினால் பூஞ்சணம் பூத்துவிடும், சூடு பட்டால் சருகாகிவிடும். காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொட்டுப் பார்ப்பதுபோல் புறங்கையை வைத்துப் பார்ப்பார். ஒவ்வொரு தை மாதமும் மூடியின் ஓரத்தில் விரல் நகத்தளவு மண்ணைச் சுரண்டி முகர்வார். "இன்னொரு வருசம் கெடக்கட்டும்" என்று மறுபடியும் பூசிவிடுவார். வருடம் ஆக ஆகத்தான் குணம் ஏறும் என்பது அவருடைய நம்பிக்கை. புகையிலையைப் பொறுத்தவரை அது சரிதான். மனிதர்களையும் அப்படி மூடி வைக்கலாம் என்று அவர் நினைத்துவிட்டார்.

இதில் மாட்டிக்கொண்டது என் காது. எங்கள் பக்கம் குழந்தைக்குக் காது குத்த வேண்டுமென்றால் தாய்மாமன் வர வேண்டும். அவர் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். பங்காளிகள் வந்து, ஒன்றுவிட்ட மாமன் யாரையாவது உட்கார வைத்துக் காரியத்தை முடித்துவிடலாம் என்றார்கள். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "கூடப் பொறந்தவன் கல்லாட்டம் இருக்கறப்ப எம்பொண்ணு யாரு மடியிலீங்க உக்காரோணும்?" என்றாள். கல்லாட்டம் என்று அவள் சொன்னது இப்போது நினைத்தாலும் என்னவோ செய்கிறது. காது குத்தினால்தான் தம்பி வருவான், தம்பி வந்தால்தான் காது குத்துவது என்று அவள் மனதுக்குள் முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். வகுப்பில் மற்ற பெண்களுக்கெல்லாம் தோடு ஆடும். என்னைப் பையா என்று கூப்பிடுவார்கள். நான் தலைமுடியை இழுத்துக் காதை மூடிக்கொள்வேன்.

நான் ஐந்தாவது படிக்கும்போது ஒரு கார்த்திகை மாதம், உச்சி வெயிலில் மாமா வந்தார்.

மோட்டார் வண்டியைப் புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு வாசலோடு நின்றார். நான்தான் முதலில் பார்த்தேன். யாரென்று எனக்குத் தெரியவில்லை. அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தாள். "வா தம்பி" என்றாள். அவசரமாகச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மாமா ஒரு மடக்குக் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். கிட்டே கூப்பிட்டுக் காதுமடலை இரண்டு விரலால் தொட்டார்.

"இன்னும் குத்தலையா சாமி?"

"நீங்க வரலையில்ல" என்றேன்.

 அம்மா மோர் கலக்குகிறேன் என்று உள்ளே ஓடிவிட்டாள். அழுதுவிட்டு வருவதற்காக ஓடினாள் என்பது எனக்குக்கூடத் தெரிந்தது.

அதற்குள் அப்பா மண்வெட்டியோடு வயலிலிருந்து வந்துவிட்டார். வாங்க மாப்ளே என்றார். வந்தேனுங்க மச்சான் என்றார் மாமா. இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். வடக்கே தண்ணீர் எந்த ஆழத்தில் கிடைக்கிறது, பாறை எப்படி என்றெல்லாம் அப்பா விசாரித்தார். இரண்டு பேருக்கும் நிற்கவும் தெரியவில்லை, உட்காரவும் தெரியவில்லை.  மாமா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு, ஏதோ பெரிய பாரத்தைத் தூக்குகிறவர் மாதிரி மூச்சை இழுத்துக்கொண்டு, "போயலை இருக்குதுங்களா மச்சான்?" என்று கேட்டார்.

எங்கள் பக்கத்தில் பேச்சுவார்த்தை நின்றுபோனவர்கள் ஒருவருக்கொருவர் வெற்றிலையோ புகையிலையோ வாங்கிப் போட மாட்டார்கள். ஒருவர் வாய்விட்டுக் கேட்டு, மற்றவர் கிள்ளிக் கொடுத்துவிட்டால் சண்டை தீர்ந்தது. அதற்குமேல் யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை.

அப்பாவின் முகம் அப்படி மலர்ந்ததை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. கை தானாக மடியிலிருந்த சுருக்குப் பைக்குப் போயிற்று. பாதியில் நின்றது. அதில் இருந்தது அன்றாடம் போடுகிற சாதாரணப் புகையிலை. அதை விட்டுவிட்டு விடுவிடுவென்று இருட்டறைக்குள் போனார். நானும் கதவோரம் போய் நின்றேன். மொடாவின் முன்னால் குத்துக்காலிட்டு, மூடியோரத்தைச் சுரண்டி, மூக்கை வைத்து முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். உதட்டைப் பிதுக்கினார். வெறும் கையோடு வெளியே வந்தார்.

"இன்னும் பாடம் பத்தலைங்க மாப்ளே. தை பொறக்கட்டும், அப்பறம் பாத்துக்கலாம்" என்றார்.

மாமா அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு செம்பைக் குனிந்து தரையில் வைத்தார். "சரிங்க மச்சான். வாரேனுங்க" என்றார். அம்மா மோரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது வண்டிச் சத்தம் தோட்டத்துக் கேட்டைத் தாண்டியிருந்தது.

என்ன பேசினார்கள் என்று அம்மா என்னைத்தான் கேட்டாள். மாமா போயலை கேட்டார், அப்பா பாடம் பத்தலை என்றார் என்று நடந்ததை நடந்தபடி ஒப்பித்தேன். அம்மா அப்பாவிடம் திரும்பினாள்.

"மடியில இருக்கறதுல ஒரு துண்டு கிள்ளிக் குடுத்திருந்தா என்னங்க?"

"அவங்க ஊட்டுப் போயலையத் துப்புனவன் நானு. அவுங்களுக்கு ஏனோதானோன்னு குடுக்க முடியுமா? இனியென்ன, வாய் தொறந்து கேட்டுட்டாப்ல. தையில தொறந்து, தட்டுல வெச்சு, நானே கொண்டுபோயி அவங்க மாமனாருக்கும் சேத்துக் குடுத்துட்டு வாரேன்" என்றார் அப்பா.

அம்மாவுக்கும் அது நியாயமாகவே பட்டது. அன்று சாயங்காலம் அப்பா பாட்டு முணுமுணுத்துக்கொண்டே மாட்டுக்குத் தீவனம் போட்டார். அம்மா காதணி விழாவுக்கு யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்று பேச ஆரம்பித்துவிட்டாள். எங்கள் வீட்டில் அத்தனை சந்தோஷமாக இருந்த சாயங்காலம் வேறொன்று எனக்கு நினைவில் இல்லை. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

தை பிறந்தது. மாமா வண்டியோடு வடக்கே போயிருந்தார். மாசியில் வந்துவிடுவார் என்று சொன்னார்கள். நல்லதாயிற்று, இன்னும் ஒரு மாதம் கிடைத்தது என்றார் அப்பா. தை முடிவதற்குள், போன இடத்தில் மலைப்பாதை ஒன்றில் ரிக் வண்டி கவிழ்ந்து மாமா இறந்துவிட்டார் என்று சேதி வந்தது.

அம்மா எப்படி அழுதாள் என்பதை எழுத எனக்குத் தெம்பில்லை. உடம்பை வடக்கேயிருந்து கொண்டுவந்து சேர்த்த காலையில் எருமப்பட்டிக்குப் போக ஒரு வேன் வந்தது. எல்லாரும் ஏறிய பிறகு அப்பா இருட்டறைக்குள் போனார். மொடாவைத் தூக்கிக்கொண்டு வந்து, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். யாரும் எதற்கென்று கேட்கவில்லை. வழி நெடுக, வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம், அதை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார்.

இழவு வீட்டில் வருகிறவர்களுக்கு வெற்றிலை, பாக்கு, புகையிலை வைப்பது வழக்கம். அப்பா கொல்லைப்புறம் போய், கத்தி முனையால் மண்ணைப் பெயர்த்துக் கட்டை அவிழ்த்தார். நான் பக்கத்தில் இருந்தேன். பாகும் மழை மண்ணும் கலந்த ஒரு வாசனை எழுந்து அந்த இடத்தையே நிறைத்தது. இலைகள் கன்னங்கரேலென்று, எண்ணெய் தடவினதுபோல் மினுங்கிக்கொண்டு, ஒன்றுகூட ஓரம் உடையாமல் இருந்தன. அப்பா பக்குவம் பார்க்க ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார். கண்ணை மூடித் திறந்தார். மீதியைத் தட்டில் அடுக்கித் தானே பந்தலுக்கு எடுத்துப் போனார்.

கொஞ்ச நேரத்தில் பந்தல் முழுக்க அந்தப் புகையிலைப் பேச்சுதான். சாவு வீடென்று குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்களே தவிர, பேசாமல் இருக்க அவர்களால் முடியவில்லை. இப்படியொரு போயலை வாயில் பட்டதில்லை என்றார் ஒருவர். எந்தத் தோட்டத்தது என்றார் இன்னொருவர். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கப்பா போட்டது, எங்கப்பா போட்டது என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னேன். அத்தையின் தகப்பனாரிடம் தட்டு போனது. அன்றைக்குக் கல்யாணப் பந்தலில் தட்டோடு நின்ற அதே மனிதர். ஒரு துண்டு எடுத்து மென்றார். அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். "நல்லாப் பாடமாயிருக்குதுங்க" என்றார். அந்த நேரத்திலும் மரியாதை குறையாமல்தான் சொன்னார். அப்பா தலையை ஆட்டினார்.

அப்போது அத்தை நிமிர்ந்தாள். மாமாவின் தலைமாட்டில் அதுவரை சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்தவள்.

"எந்தப் பாடமுங்கண்ணா ஆச்சு?" என்று கேட்டாள். "நாந்தானே போங்கன்னு அனுப்பிச்சேன். போயி போயலை கேளுங்க, எல்லாஞ் சரியாப் போயிருமுன்னு நாந்தானே சொன்னேன். பாடம் பத்தலைன்னு திருப்பி அனுப்பிச்சுட்டீங்களே. ஊட்டுக்கு வந்து சோறு திங்கலீங்களே அவரு. இத்தன வருசம் அக்கா மொகத்தப் பாக்காம இருந்தேனே, இன்னும் எத்தன பாடம் படிக்கோணுமுன்னு கேட்டாரே. நான் என்னன்னுங்க பதில் சொல்லுவேன்?"

 அம்மா அப்பாவைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் உண்டென்று அந்த நிமிடம்வரை ஒருவருக்கும் தோன்றவில்லை. உள்ளே ஒரு மொடா இருப்பது மாமாவுக்கு எப்படித் தெரியும்? அவர் புகையிலை கேட்டார். அப்பா உள்ளே போய்விட்டு வெறும் கையோடு வந்து, நீ பட்டது இன்னும் போதாது என்று சொல்லிவிட்டார். அவர் காதில் அப்படித்தான் விழுந்திருக்கிறது. இதெல்லாம் எனக்கு விளங்க இன்னும் எத்தனையோ வருடம் ஆக வேண்டியிருந்தது. அன்றைக்கு நான் நினைத்ததெல்லாம், அத்தைக்குப் போயலையைப் பற்றி ஒன்றும் தெரியவில்லையே, கார்த்திகையில் பாடமாகாதது தையில் ஆகியிருக்கிறது, இதற்குப் போய் இப்படி அழுகிறாளே என்பதுதான்.

அப்பா தட்டை யாரிடமோ கொடுத்துவிட்டு வீட்டுக்குப் பின்னால் போனார். நானும் போனேன். சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு வாயிலிருந்ததைத் துப்பிக்கொண்டிருந்தார். இத்தனை பேர் மெச்சிய புகையிலை. விரலை விட்டு வழித்து வழித்துத் துப்பினார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

"பாடம் பத்தலையாப்பா?" என்று கேட்டேன்.

அப்பா திரும்பினார். துண்டால் வாயைத் துடைத்தார். முகத்தையும் துடைத்தார்.

"பத்தலை சாமி" என்றார்.

நான் அம்மாவைத் தேடிப் போனேன். பெண்களுக்கு நடுவில் சுருண்டு கிடந்தவளின் காதருகே குனிந்து, போயலை இன்னும் பாடமாகவில்லையாம், அப்பாவே சொல்லிவிட்டார் என்றேன். அம்மா எழுந்து உட்கார்ந்து, என் காதுமடலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என்னை இழுத்துத் தன் மடியில் உட்கார வைத்துக்கொண்டாள். இவ்வளவு பெரிய பெண்ணை எதற்கு எல்லார் முன்னாலும் மடியில் உட்கார வைக்கிறாள் என்று எனக்குக் கூச்சமாக இருந்தது.